பழைய மடிக்கணினியை இயங்குதளச் சோதனைக்கூடமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தேவை, இன்டெல் செயலி என்றால், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. 2012, 2013 வாக்கில் வாங்கிய மடிக்கணினிகள் இந்த நிபந்தனைகளில் தேறுவதில்லை. பல வீடுகளில் அவை அலமாரிக்கு மேல் ஏறிவிட்டன. கணினியின் உள்ளும் புறமும் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவருக்கு அவற்றைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் உறுதியான கருத்து. அடிமூடியைத் திறந்தால் ரேம், வட்டு, வைஃபை அட்டை, மின்விசிறி எல்லாம் தனித்தனியாகக் கழற்ற வருகின்றன. இன்று விற்கும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதில் நாம் தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வகை இயந்திரத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்: மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் ஏறத்தாழ அந்தக் காலத்தவை. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது. ஆக, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் என்பது நம் மாணவர்களுக்குப் பழகிய சங்கதிதான்.

தொடங்கும் முன் ஒரே ஒரு நிபந்தனை. வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் நீங்கள் அன்றாடம் நம்பியிருக்கும் ஒரே கணினியில், பாகங்களை மாற்றுவது, வெவ்வேறு இயங்குதளங்களை நிறுவுவது போன்ற இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். வீட்டில் இன்னொரு கணினி ஓடிக்கொண்டிருந்தால்தான் இதில் எதுவும் ஓடாமல் போனாலும் பதற்றமில்லாமல் காரணத்தைத் தேட முடியும்.

திறப்பதற்கு முன்

வட்டில் உள்ள படங்களையும் கோப்புகளையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். நகலெடுத்த பிறகு சிலவற்றை அந்த வெளி வட்டிலிருந்தே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கணக்கில் கொள்ளக்கூடாது. விண்டோஸில் வட்டின் தரவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) அமைப்பில் கைவைத்தவுடன் விண்டோஸ் அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கக்கூடும்.

அடுத்து வட்டின் உடல்நிலை. ஒவ்வொரு வட்டும் தன்னைப் பற்றிய குறிப்புகளை ஸ்மார்ட் என்ற பட்டியலில் சேமித்து வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற நிரல் அதைக் காட்டும். அதில் இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் போதும்: 5-ஆம் எண்ணில் உள்ள, இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் (வட்டின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கையும், 197-ஆம் எண்ணில் உள்ள, முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையும். இரண்டும் சுழியமாக இருந்தால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் அந்த வட்டுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அதில் எந்த இயங்குதளத்தையும் நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியதும் அளவு, அளந்ததும் எழுத்து. ரேம், வட்டு, இயங்குதளம் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டுக் கணினி திணறினால், குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவி திறக்கும்வரை ஆகும் நொடிகள், சும்மா இருக்கும்போது செயலியின் வெப்பம், நிறைந்திருக்கும் ரேமின் அளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் குறியுங்கள்.

அடிமூடியைத் திறத்தல்

சார்ஜர் கம்பியைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மீதமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். உள்ளே கைவைக்கும் முன் ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டுநாடாவால் ஒட்டி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மறுபக்கம் விசைப்பலகையைத் துளைத்துவிடும்.

மின்விசிறி காற்றை ஊதும் இடத்தில் செம்புத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டுபோல ஒரு சாம்பல் நிறத் தூசிப் படலம் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது, ஏனென்றால் அது உள்பக்கம் படிந்திருக்கிறது. விசிறியைக் கழற்றி, இடுக்கியால் அப்படியே உரித்து எடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் அதன் தாங்கி கெட்டுவிடும்.

செயலியின் மேல் இருக்கும் வெப்பப் பசை பத்து ஆண்டுகளில் காய்ந்து சுண்ணாம்பாக இருக்கும். வெப்பத்தகட்டின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருப்பதைப் பல மாடல்களில் காணலாம். கழற்றும்போது 4-லிருந்து 1 வரை, பூட்டும்போது 1-லிருந்து 4 வரை, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அரிசி அளவுக்குப் புதுப்பசை வைத்தால் போதும். அழுத்தம் அதைத் தானாகப் பரப்பிக்கொள்ளும்.

பணத்தை எங்கே போடுவது

முதல் ரூபாய் எஸ்எஸ்டி என்ற மின்னணு வட்டுக்குத்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேவையான தரவு தலைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு அறுபது முறைக்கு மேல் எட்டிப் பிடிக்க அதனால் முடியாது. இயங்குதளம் தொடங்கும்போது படிப்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத்தான். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. ஒரு சிறு கோப்பை ஒரு மில்லிநொடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் எடுத்துத் தந்துவிடும். மூன்றாம் தலைமுறைச் செயலி இன்றைய உலாவிக்கும் போதுமானதுதான். அது இத்தனை நாள் வட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

வாங்க வேண்டியது, பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் 2.5 அங்குல எஸ்எஸ்டி. அது 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர். ஆடினால் இடைவெளிக்கு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளலாம். வேறு வகை இணைப்பு கொண்ட என்விஎம்இ எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள். இந்தக் காலத்து மதர்போர்டில் அதைச் செருக இடம் இருக்காது.

ரேமில் ஒரு நுணுக்கம் உண்டு. டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட். குறைந்த வோல்ட் மட்டுமே தரும் மதர்போர்டில் பழைய டிடிஆர்3 ஓடாது. டிடிஆர்3எல் வாங்கினால் பெரும்பாலும் இரண்டு வகைப் பலகையிலும் ஓடும், ஆகவே அதையே கேட்டு வாங்குங்கள். இரண்டு 4 ஜிபி அட்டைகள் போதும். எட்டுக்கு மேல் போவது இந்த இயந்திரத்துக்கு வீண் செலவு. மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினியை) நிறைய ஓட்டப் போகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. செருகும்போது அட்டையைச் சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இருபுறக் கொக்கிகளும் ‘கிளிக்’ என்று பிடிக்க வேண்டும். தங்க நிற முனை பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

டிவிடி டிரைவ் இருந்தால் அதையும் வீணாக்க வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ‘கேடி’ என்ற சட்டத்தைச் செருகினால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் வைக்கலாம். 9.5, 12.7 என்று இரண்டு தடிமனில் கிடைக்கிறது. டிரைவைக் கழற்றி அளந்த பிறகு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் டிரைவையே கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கலாம். இரண்டு வட்டுகள் என்பது சோதனை செய்பவருக்குப் பெரிய விடுதலை. ஏன் என்று நிறுவும் கட்டத்தில் சொல்கிறேன்.

மூடியை மூடும் முன் சிஆர்2032 நாணய பேட்டரியையும் கவனியுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் அது தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் ஒன்றுகூடத் திறக்காது, ஏனென்றால் அவற்றின் சான்றிதழ்கள் ‘இன்னும் தொடங்கவே இல்லை’ என்று உலாவி நினைக்கும். இணையமே பழுது என்று நினைத்து வைஃபையோடு மல்லுக்கட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான்.

ரேமைச் சோதித்தல்

மெம்டெஸ்ட்86+ என்ற சிறு நிரல் இதற்கென்றே இருக்கிறது. பென் டிரைவிலிருந்து அதைத் தொடங்க வேண்டும்; பென் டிரைவைத் தயாரிக்கும் முறை அடுத்த பகுதியில் இருக்கிறது. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய தொடக்க முறை) கணினிகளிலும் ஓடுகிறது. இரவு ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அட்டை வேண்டாம். கெட்ட ரேமில் இயங்குதளம் நிறுவினால், வட்டில் எழுதப்படும் கோப்புகளே சத்தமில்லாமல் சிதையும். பிழை வந்தால் ஒரு அட்டையை மட்டும் விட்டு மறுபடி சோதியுங்கள். அட்டையின் குற்றமா, செருகும் இடத்தின் குற்றமா என்பது அப்போதுதான் தெரியும்.

பென் டிரைவ் தயாரித்தல்

நான் பரிந்துரைப்பது வென்டாய். பென் டிரைவில் அதை ஒரே ஒருமுறை நிறுவினால் போதும். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை (இயங்குதளத்தின் நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்புகளை) சாதாரணமாக நகலெடுத்து வைத்தால், கணினி தொடங்கும்போது அவற்றைப் பட்டியலாகக் காட்டும். 32 ஜிபி பென் டிரைவில் மிண்ட், டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகள், மெம்டெஸ்ட் எல்லாம் சேர்ந்து அடங்கிவிடும். செக்யூர் பூட் (அறியாத நிரலிலிருந்து கணினி தொடங்குவதைத் தடுக்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் முதல் முறை ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். செய்துவிட்டால் அந்தக் கணினியில் மறுபடி கேட்காது. நகலெடுத்து முடித்ததும் பென் டிரைவை முறையாக வெளியேற்றிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். நகலாகிவிட்டது என்று திரை சொன்ன பிறகும் கோப்பின் கடைசிப் பகுதி எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

பதிவிறக்கிய ஐஎஸ்ஓவைச் சரிபார்க்கும் வேலையைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மிண்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவை விநியோகித்தார்கள். மிண்ட் அணியினர் விரைவில் கண்டுபிடித்து உடனே அறிவித்தார்கள். ஆனால் அந்த இடைவெளியில் பதிவிறக்கியவர்களுக்கு வேறு காவல் இருக்கவில்லை. விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து ஷா-256 மதிப்பை (கோப்பின் விரல்ரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணை) பார்க்கலாம். அது தளத்தில் தந்திருக்கும் மதிப்போடு முழுவதும் பொருந்த வேண்டும். தளமே களவு போயிருந்தால் அந்த மதிப்பும் பொய்யாக இருக்கலாம் என்பதால், டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

எதைப் பதிவிறக்குவது? புதிதாக வருபவருக்கு லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எக்ஸ்எஃப்சிஇ என்பது ஓர் எளிய மேசைத்தளம், அதாவது திரையில் தெரியும் சாளரங்கள், பட்டியல்களின் தொகுப்பு. 2024-இல் வந்த மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி ரேமிலும் நிதானமாக ஓடும். 64 பிட் தாங்காத மிகப் பழைய செயலி என்றால் டெபியன் 12. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கைவிடப்பட்டுவிட்டது.

நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்றைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். எந்த விசை என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வட்டில் எதையும் தொடாமல் முழு இயங்குதளமும் பென் டிரைவையும் ரேமையும் கொண்டே ஓடும். நிறுவ அவசரப்படாமல் அரை மணி நேரம் இதில் செலவிடுங்கள்.

வைஃபை பிடிக்கிறதா? திரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா? ஒலி, கேமரா, டச்பேட்? இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று: மூடியை மூடுங்கள், ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். திரை திரும்பி வந்து, வைஃபையும் தானாக இணைந்தால் இந்த இயந்திரத்தோடு நிம்மதியாக வாழலாம். உறங்கி எழுவதில்தான் கர்னலும் (வன்பொருளை ஆளும், இயங்குதளத்தின் உட்கரு) பயாஸும் அதிகமாக முரண்படும்.

பழைய மடிக்கணினிகளில் பிராட்காம் வைஃபை சில்லு இருந்தால் பெரும்பாலும் முதலில் பிடிக்காது. அதற்கான மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையமோ வைஃபையில்தான் வர வேண்டும். இந்தச் சிக்கலை உங்கள் கைப்பேசி தீர்த்துவிடும். யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசியில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணையமாக எடுத்துக்கொள்ளும். பிறகு மிண்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால் வேண்டியதை அதுவே காட்டும்.

திரை கறுப்பாகவே நின்றுவிட்டால், தொடக்கப் பட்டியலில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ வரியைத் தேர்ந்தெடுங்கள். வரைகலை சில்லின் சிறப்பு வசதிகளைத் தொடாமல் தொடங்கும்.

நிறுவுதல்

நிறுவி உங்கள் வட்டையே பார்க்கவில்லை என்றால் முதலில் பயாஸில் சாட்டா அமைப்பைப் பாருங்கள். அது ரெய்ட் அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். அந்த வட்டில் விண்டோஸ் இருந்தால் மாற்றுவதற்கு முன்பே அதை சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும்.

இரட்டை இயங்குதளம் வேண்டுபவர்களுக்கு என் அறிவுரை: இரண்டையும் ஒரே வட்டில் வைக்காதீர்கள். கேடியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ், எஸ்எஸ்டியில் லினக்ஸ். நிறுவும்போது கேடியை வெளியே உருவிவிடுங்கள். உபுண்டுவின் வழிவந்த நிறுவிகள் சிலவற்றில், எந்த வட்டைத் தேர்ந்தெடுத்தாலும் தொடக்க நிரலை முதல் வட்டின் இஎஃப்ஐ பகுதியில் (தொடக்க நிரல்களுக்கென ஒதுக்கிய சிறு பகுதியில்) எழுதிவிடும் பழைய குறை ஒன்று உண்டு. வட்டே உள்ளே இல்லாவிட்டால் அதைக் கெடுக்க எந்த நிரலாலும் முடியாது. பிறகு கேடியைச் செருகி, தொடங்கும்போது எந்த வட்டு என்று விசையைத் தட்டித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

480 ஜிபி எஸ்எஸ்டியை நான் பிரிக்கும் முறை இது: இஎஃப்ஐ பகுதிக்கு 1 ஜிபி, ஃபேட்32 வடிவமைப்பில். அன்றாடம் பயன்படுத்தும் லினக்ஸுக்கு 80 ஜிபி, எக்ஸ்ட்4 வடிவமைப்பில். சோதனைக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தலா 40 ஜிபியில் இரண்டு பகுதிகள். மீதி முழுவதும் தரவுக்கு. பலர் ‘ஹோம்’ பகுதியை (பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தை) தனியாக வைத்து எல்லா லினக்ஸுக்கும் பொதுவாக்கச் சொல்வார்கள். அது வேண்டாம். ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; புதிய மேசைத்தளம் ஒன்று எழுதியதைப் பழையது படித்துக் குழம்பும். ஹோமை அந்தந்த லினக்ஸுக்குள்ளேயே விட்டுவிட்டு, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பொதுத் தரவுப் பகுதியில் வையுங்கள்.

வட்டின் பகுதிகளைக் குறித்து வைக்கும் பகுதி அட்டவணை, ஜிபிடி முறையில் இருக்கட்டும். பழைய எம்பிஆர் முறையில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் வராது. ஜிபிடியில் 128 வரை வைக்கலாம். பென் டிரைவையும் யூஈஎஃப்ஐ முறையில்தான் தொடங்கினீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இயங்குதளம் பழைய முறையிலும் மற்றொன்று யூஈஎஃப்ஐயிலும் நிறுவப்பட்டால், ஒன்றின் தொடக்கப் பட்டியலிலிருந்து மற்றொன்றைத் தொடங்க முடியாது.

முதல் நாள் செய்ய வேண்டியவை

எல்லாத் திருத்தங்களையும் இறக்கி நிறுவியதும், டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு பதிவு எடுங்கள். இயங்குதளத்தின் அப்போதைய நிலையை அது அப்படியே பிடித்து வைக்கும். நாளை ஏதாவது கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம். கணினி தொடங்கவே மறுத்தாலும், பென் டிரைவிலிருந்து மிண்ட்டை ஓட்டி, அதிலிருந்தே பழைய நிலையை மீட்கலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது காப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவற்றுக்கு வேறு நகல் வேண்டும்.

தமிழில் எழுத, மென்பொருள் மேலாளரிலிருந்து ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை இருக்கும். விசைப்பலகை அமைப்புகளிலேயே ‘தமிழ்நெட் 99’ என்று ஒன்று தென்படும். அதை நாடாமல் ஐபஸையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99-இன் அழகே, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவதுதான்: ‘க’வை இருமுறை தட்டினால் ‘க்க’. ஐபஸ் வழியில் இது சரியாக வேலை செய்கிறது. வெறும் விசைப்பலகை அமைப்பு ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற அளவோடு நின்றுவிடும்.

இரட்டை இயங்குதளக்காரர்கள் முதல் நாளே பார்க்கக்கூடியது கடிகாரக் குழப்பம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த வேறுபாடு ஐந்தரை மணி. டைம்டேட்சிடிஎல் என்ற கருவியால் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்’ என்ற மதிப்பைச் சேர்த்து அதை யுடிசிக்கு மாற்றலாம். இரண்டில் ஒன்று மட்டும். நான் விண்டோஸை மாற்றும் வழியையே விரும்புகிறேன்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயக்கத்தில் இருந்தால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டில் எழுத முயன்றால் ஒன்று மறுக்கப்படும், இல்லையேல் கோப்புகள் கெடும்.

மெய்நிகர் கணினியில் அந்நிய இயங்குதளங்கள்

அடித்தளம் உறுதியானதும் உண்மையான விருந்து இங்கேதான். மெய்நிகர் கணினிகளுக்குச் செயலி தரும் விடி-எக்ஸ் என்ற வசதியை பயாஸில் இயக்குங்கள். பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பிறகு மெய்நிகர் கணினியை ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸையோ, லினக்ஸ் கர்னலிலேயே 2007 முதல் இருக்கும் கேவிஎம்மையோ பயன்படுத்தலாம். 8 ஜிபி ரேமில் மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபி கொடுத்தால் இரண்டும் மூச்சு முட்டாமல் ஓடும்.

ஃப்ரீடாஸிலிருந்து தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்கு முந்தைய தன் இயங்குதளமான டாஸைக் கைவிடப்போகிறது என்று அறிந்து, 1994-இல் ஜிம் ஹால் என்ற மாணவர் தொடங்கிய திட்டம் அது, இன்றும் உயிரோடிருக்கிறது. 32 எம்பி ரேம் கொடுத்தாலே தாராளம். நினைவகத்தை யார் எப்படிப் பங்கிடுகிறார்கள், ஒரு நிரல் வன்பொருளை நேரடியாகத் தொடுவது என்றால் என்ன என்பதெல்லாம் இதில் கண்ணுக்கு நேராகத் தெரியும். பல அடுக்குகளுக்கு அடியில் மறைந்துபோன விஷயங்கள் இவை.

ஹைக்கு என்ற இயங்குதளம் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1990-களில் வந்து வணிகத்தில் தோற்ற பிஓஎஸ் என்ற இயங்குதளத்தின் வழியில், தன்னார்வலர்கள் 2001 முதல் புதிதாகக் கட்டிவருவது. ஐந்தாம் பீட்டா 2024-இல் வந்தது. கர்னல் முதல் சாளரங்கள் வரை ஒரே குழுவின் கைவண்ணம் என்பதால் எங்கும் ஒட்டுப்போட்ட உணர்வு இருக்காது. ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஒரு இழையில் (தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டத்தில்) ஓடுவதால், ஒன்று திணறினாலும் மற்றவை கைக்கு இணங்கும். மெய்நிகரில் பார்த்துப் பிடித்துவிட்டால், 40 ஜிபி விருந்தினர் பகுதி ஒன்றில் நேரடியாகவே நிறுவிப் பாருங்கள். பழைய வன்பொருளில் அது காட்டும் சுறுசுறுப்பு மெய்நிகரில் முழுதாக வெளிப்படாது.

யுனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டிக்குப் பொறுமை வேண்டும், ஆனால் அதன் கையேடு எழுதப்பட்ட விதத்துக்காகவே ஒருமுறை நிறுவலாம். விண்டோஸுக்கு ஒத்ததாக அடியிலிருந்து எழுதப்படும் ரியாக்ட்ஓஎஸ் இன்னும் ஆல்ஃபா என்ற ஆரம்பச் சோதனை நிலையில்தான் இருக்கிறது; அதை மெய்நிகருக்கு வெளியே கொண்டுவராதீர்கள். எதை நிறுவினாலும், பெரிய மாற்றத்துக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்பி வரக்கூடிய நிலைப் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். தயக்கமில்லாமல் கெடுத்துப் பார்க்கும் சுதந்திரம்தான் மெய்நிகரின் முழுப் பயன்.

சொந்தக் கர்னல்

லினக்ஸ் கர்னலை அதன் மூல நிரலிலிருந்து நாமே தொகுப்பது (கம்பைல் செய்வது) இந்தப் பயணத்தில் ஒரு நல்ல மைல்கல். மிண்ட் போன்ற லினக்ஸ் விநியோகம் தரும் முழு அமைப்போடு தொகுத்தால் இந்தச் செயலிக்கு மணிக்கணக்கில் ஆகும், ஏனென்றால் உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்குமான டிரைவர்களும் அதில் இருக்கின்றன. ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற கட்டளை, இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் மாட்யூல்களை (கர்னலின் டிரைவர் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். வேலை பெரிதும் குறையும். ஆனால் அந்தக் கட்டளையைத் தரும் முன், நீங்கள் எப்போதாவது பயன்படுத்தும் பென் டிரைவ், அச்சுப்பொறி, யூஎஸ்பி ஹெட்செட் எல்லாவற்றையும் செருகிவிடுங்கள். அந்த நேரத்தில் செருகப்படாத கருவியைப் புதிய கர்னலுக்குத் தெரியாது. பழைய கர்னலை நீக்க வேண்டாம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் இரண்டும் இருக்கட்டும்.

தொடங்கவே இல்லையென்றால்

திரையில் எதுவும் வராமல் ‘பீப்’ ஒலி மட்டும் வந்தால், அதன் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு மாடலின் சேவைக் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் ரேம்தான். அட்டையை வெளியே எடுத்து அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மறுபடி செருகுவது பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்வது. பலமுறை அதுவே போதும். தயாரிப்பாளரின் முத்திரை வரை வந்துவிட்டு அதன்பின் நின்றால் வட்டையோ தொடக்க நிரலையோ பாருங்கள். மிண்ட்டின் பென் டிரைவில் உள்ள பூட் ரிப்பேர் பல சமயம் சரிசெய்துவிடும். கிரப் பட்டியல் வந்த பிறகு நின்றால், அதில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் ஓடாவிட்டால் டைம்ஷிஃப்ட்.

பயன்பாட்டிலிருந்து விலக்கிய ஹார்ட் டிஸ்க்கை விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், டிஸ்க்ஸ் நிரலில் வடிவமைக்கும்போது ‘பழைய தரவின் மேல் சுழியங்களை எழுது’ என்ற தேர்வைக் குறியுங்கள். 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். வெறும் விரைவு வடிவமைப்பு கோப்புகளின் அட்டவணையை மட்டுமே அழிக்கிறது. உங்கள் குடும்பப் படங்கள் அப்படியே உள்ளே இருக்கும், இலவச மீட்பு மென்பொருளே அவற்றை எடுத்துவிடும். எஸ்எஸ்டிக்கு இந்த முறை பொருந்தாது. தயாரிப்பாளர் தரும் கருவியிலோ சில பயாஸ்களிலோ இருக்கும் ‘செக்யூர் இரேஸ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள்.